ஈரத்தோல் போர்த்திய கியர் குமிழ்

அந்தக் குமிழைக் கழற்ற ஆறு நிமிடம் ஆனது. நேரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. 1979, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தேகாலுக்குத் தொடங்கி பத்து இருபத்தொன்றுக்கு முடித்திருக்கிறேன். அதற்குக் கீழே, அதே மையில், "திருகு, ஸ்பிரிங், பொத்தான் மூன்றும் பத்திரம்" என்று ஒரு வரி. பத்திரமாகத்தான் இருந்தன. பிழை அந்த மூன்றிலும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆம்பூரை அடுத்து, நெடுஞ்சாலைக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு தோல் தொழிற்சாலையில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் வேலை. கப்பல் என்று புறப்படும், சரக்கு என்று துறைமுகம் சேரவேண்டும் என்று நாள் முழுக்கத் தேதிகளோடு பழக்கம். வேலை நேரம் போக மீதியிலும் அதையேதான் செய்தேன். ஆற்றில் தண்ணீர் வந்த நாட்கள், ஊரில் எந்தத் தெருவுக்கு எப்போது மின்விளக்கு வந்தது, எந்தக் கிணறு எந்தக் கோடையில் உப்பாக மாறியது என்று விசாரித்து எழுதி வைப்பேன். யாரும் கேட்டு எழுதியதல்ல.

எங்கள் முதலாளி முந்தைய ஆண்டு சென்னையில் ஏலத்தில் ஒரு வெளிநாட்டுக் கார் எடுத்திருந்தார். க்ளட்ச் கிடையாது, கியர் தானே மாறும். தொழிற்சாலையில் அதற்கு 'ரெண்டு பெடல் வண்டி' என்று பெயர். ஓட்டியவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பதினைந்து ஆண்டுகளாக முதலாளியின் அம்பாசடரை ஓட்டியவர். புது வண்டி வந்த முதல் மாதம் அவருடைய இடது கால் இல்லாத க்ளட்சைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. அந்தக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஓட்டிப் பார்த்தார். பிறகு, "இந்தக் காலுக்கு மொதலாளி லீவு குடுத்துட்டாருபா" என்று சொல்லிச் சிரிப்பார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். மதியம் இரண்டு பேரும் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

வண்டியில் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே கியர் தண்டு நிற்கும். அதன் உச்சியில் முட்டை அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ். குமிழின் பக்கவாட்டில், ஓட்டுபவரின் கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு பொத்தான். வண்டியை நிறுத்தினால் தண்டை முன்னால் தள்ளி 'பி' என்ற எழுத்தில் விடவேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அங்கிருந்து பின்னால் இழுத்து 'என்' என்ற எழுத்தில் விட்டால் சக்கரங்கள் தடையில்லாமல் உருளும். பொத்தானை அழுத்தினால் ஒழிய தண்டு 'பி'யை விட்டு வராது. அழுத்தாமல் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. அந்த வண்டிக்கு அதுதான் பூட்டு. கைப்பிரேக்கின் கம்பி அறுந்து, மாற்றுக் கம்பி எங்கும் கிடைக்காமல், அது வெறும் பிடியாக நின்றுகொண்டிருந்தது. எங்கள் லாரிகளைச் சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். இந்த வண்டிக்கு யாரும் வைத்ததில்லை. 'பி' இருக்கிறதே.

வெயிலில் நின்று நின்று அந்த வெள்ளைக் குமிழ் வெடித்தது. வெடிப்பின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அண்ணன் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு ஓட்டினார். சென்னையில் விசாரித்தோம், கிடைக்கவில்லை. வண்டியோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு வந்திருந்தது. அதை நான் இரண்டு முறை படித்திருந்தேன். அவர்தான் சொன்னார்: "நீதான் எந்தப் புக்கு கெடச்சாலும் படிக்கிறியே தம்பி. இந்த ஒரு நாப்ப செஞ்சு குடுக்க மாட்டியா?"

செய்து கொடுத்தேன். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு லேத் பட்டறையில், தேக்கில் அதே அளவுக்குக் கடைந்து, நடுவே தண்டுக்கு ஒரு துளை, பக்கத்தில் பொத்தானுக்கு ஒரு துளை போட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொட்டகை நிழலில் நிறுத்தி, பழைய குமிழின் அடியில் இருந்த சிறிய திருகைத் தளர்த்தி, குமிழை நேராக மேலே இழுத்தேன். உள்ளே பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும் என்று கையேட்டில் எச்சரித்திருந்தார்கள். ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு எடுத்தேன். ஓடவில்லை. பழைய பொத்தானையும் ஸ்பிரிங்கையும் புது மரத்தில் பொருத்தி, தண்டின் மேல் இறக்கி, திருகை முடுக்கினேன். பொத்தான் அழுந்தியது, எழுந்தது. அழுத்தாமல் தண்டை இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் எது தளர்ந்தாலும் எது வெடித்தாலும் அதன்மேல் பச்சைத் தோல் கட்டுவார்கள். சுத்தியல் பிடி, சைக்கிள் கைப்பிடி, கிரிக்கெட் மட்டை, கட்டில் கால். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து அலசிய, இன்னும் பதனிடாத ஆட்டுத்தோலை ஈரமாகவே இழுத்துச் சுற்றித் தைத்துவிட்டால் போதும். காயக் காயச் சுருங்கி எலும்பு மாதிரி இறுகும். பிறகு ஆணி வேண்டாம், பசை வேண்டாம். இதை எனக்கு யாரும் கற்றுத்தந்ததாக நினைவில்லை. அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தேக்கு வியர்வையில் வழுக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு துண்டு ஈரத்தோலைக் குமிழின் மேல் போர்த்தி, கழுத்தில் இழுத்துக் கட்டி, அடிப்பக்கம் தையல் தெரியாமல் தைத்தேன். பொத்தானுக்கு மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டினேன். பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று, பொத்தானின் விளிம்பை ஒட்டி, மயிரிழை இடைவெளி விட்டு வெட்டினேன்.

திங்கள் காலை முதலாளி வண்டியில் ஏறி, குமிழைத் தொட்டுப் பார்த்து, அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வெளிநாட்டுக்காரன் நம்மிடம் தோல் வாங்கிப் போய் இதைத்தான் செய்து விற்கிறான் என்றார். செவ்வாய்க்கிழமை மெழுகு தேய்த்தேன். புதன்கிழமை காலை அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"தம்பி, உன் நாப்பு வெண்ணெ மாதிரி போவுது. தொட்டா நவுருது."

நான் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அதை நாட்குறிப்பில் எழுதக்கூடச் செய்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் வாயில் மேட்டில் இருக்கும். அங்கிருந்து தரை ஆற்றுப்பக்கமாகச் சரிந்து இறங்கும். சரிவின் முடிவில் தோல் காயப்போடும் களம், களத்துக்கு இடுப்பளவில் ஒரு செங்கல் சுவர். புதன் பிற்பகல் முதலாளி வேலூர் போகவேண்டியிருந்தது. அண்ணன் வண்டியைச் சரிவில் இருந்த அலுவலக வாசலில், முகப்பு களத்தைப் பார்த்திருக்க நிறுத்திவிட்டு, தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். நான் வாங்குபவருக்குக் காட்டவேண்டிய சாம்பிள் தோல்களைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிய கட்டைத் தூக்கி வந்தேன். ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் எடை. இடது முன்கதவைத் திறந்து இருக்கையில் வைத்தேன். கட்டு உருண்டு நடுவில் சாய்ந்தது. கட்டின் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். கயிற்று வளையம் எதிலோ மாட்டியது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஒரு தடை இருந்தது. பிறகு அந்தத் தடை இல்லை.

நான் அப்போது எதையும் யோசிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஐந்தாறு அடி நடந்தேன். பின்னால் எஞ்சின் சத்தம் ஏதும் இல்லை. சரளைக்கல் மேல் டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லாமல் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு மெதுவாக. யாரோ யோசித்துக்கொண்டே ஓட்டுகிற மாதிரி.

அண்ணன் ஓடினார். கதவுப் பிடியைப் பிடித்துவிட்டார். வண்டி அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. களத்தில் நான்கு பெண்கள் தோல் விரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் தாவி விலகினார்கள். நான்காவது பெண்ணின் வலது கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியது.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி ஓடினார். நான் வண்டியருகே நின்றேன். ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தேன். தண்டு 'என்'னில் இருந்தது. பொத்தான் உள்ளே போயிருந்தது. காய்ந்து சுருங்கிய தோலின் விளிம்பு பொத்தானின் மேல் ஏறி, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கட்டைவிரலை எடுக்காமல் வைத்திருப்பது மாதிரி. பென்சில் சீவும் கத்தி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். விளிம்பை வட்டமாக ஒருமுறை அறுத்தேன். பொத்தான் டக்கென்று வெளியே வந்தது.

ஏன் அறுத்தேன் என்று இத்தனை ஆண்டுகளில் பலவிதமாக எனக்கே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரிசெய்யும் கை தானாகச் சரிசெய்தது என்று சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் அறுத்த தோல் வளையத்தை நான் கீழே போடவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன். நான் போவதற்குள் வேலூரிலிருந்து மெக்கானிக் வந்துவிட்டார். அதே சரிவில் வண்டியை நிறுத்தி, 'பி'யில் போட்டு, தண்டைப் பத்துமுறை இழுத்துப் பார்த்தார். பூட்டு கெட்டியாக இருக்கிறது, ஆள்தான் போடவில்லை என்றார். அதற்குமேல் நான் பேசியிருந்தால் குமிழைப் பற்றி மட்டும் பேசியிருக்க முடியாது. கத்தியைப் பற்றியும் பேசவேண்டும்.

முதலாளி கெட்டவர் அல்ல. அந்தப் பெண்ணின் வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டார். கால் பிழைத்தது, ஆனால் வளைந்து சேர்ந்தது. களத்தில் நிற்கமுடியாது என்பதால் உட்கார்ந்து தோல் தரம்பிரிக்கும் அறையில் வேலை கொடுத்தார். அண்ணனையும் அவர் விலக்கவில்லை. பதினைந்து வருடத்தில் ஒரு தடவை மறந்தான், மனிதன்தானே என்றார்.

மறந்தான் என்ற அந்தச் சொல்தான் உள்ளே போய் வேலை செய்தது. விபத்து நடந்த மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சொன்னதை அன்றே எழுதியிருக்கிறேன்: "பி-ல போட்டேன் தம்பி. போட்டேன். எஞ்சாமி சத்தியமா." ஒன்பதாம் நாள், சாப்பாட்டு நேரத்தில்: "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்." சித்திரை கடைசியில், நான் எதுவும் கேட்காமலே: "தண்ணி தாகமா இருந்துச்சு. அந்த அவசரத்துல போடாம எறங்கிட்டனோ?" மூன்று நாட்களிலும் நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் கையை விட்டு விலகிப்போவதை இப்படி நாள்வாரியாகக் குறித்து வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வைகாசியில் அவரே சாவியைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தார். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை, நான் இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்றார். முதலாளி எவ்வளவோ சொன்னார். அண்ணனுடைய மனைவியின் தமையன் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்தார். அவர் மூலமாக ஸ்டேஷன் அருகே ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போனார். போகும் நாளில் என்னிடம் வந்து, "உன் நாப்பு மேல ஒரு கொறையும் இல்ல தம்பி. மனசுல எதுவும் வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது ஓட்டுநர் அந்தக் குமிழோடு இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்டினார். எந்தக் குறையும் வரவில்லை. வண்டி விற்கப்படும்வரை நான் அதில் ஏறவில்லை. ஆனால் அந்தத் தடை மட்டும் என் கையை விட்டுப் போகவில்லை. இறுகிய மேசை இழுப்பறையை இழுக்கும்போது, மழைக்கு உப்பிய கதவைத் தள்ளும்போது, முதலில் ஒரு தடை, பிறகு அது இல்லாமல் போகும் அந்த நொடியில் நான் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் ஏதோ சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருக்கிறது என்று தோன்றும். சில நாட்கள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டே வருவேன்.

வேலை விஷயமாகப் பெங்களூர் போகும்போதெல்லாம் ரயில் ஜோலார்பேட்டையில் நிற்கும். நான் எழுந்து எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய்விடுவேன். எட்டு ஆண்டுகள் அப்படிப் போயின. 1987-இல், ஐப்பசி மாதம், இடம் கிடைக்காமல் ஸ்டாண்டைப் பார்த்த பக்கமே உட்கார வேண்டியதாயிற்று. பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவர் சைக்கிள் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு பூட்டாகப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி சைக்கிள் வந்ததும் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து. ரயில் நின்ற நேரத்தில் மூன்றுமுறை போனார். சைக்கிள் விட வந்த ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். ஆனால் கை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

வீடு ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே. என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மனைவியைக் கூப்பிட்டு, "இன்னா பாக்கற, நம்ம ஆம்பூர் தம்பிடி. தொப்ப போட்டுட்டான் பாரு" என்றார். சாப்பிடச் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஈரத்தோல், மயிரிழை இடைவெளி, கயிறு, தடை, கத்தி. நாட்குறிப்பை அவர் முன் விரித்து வைத்தேன். அண்ணி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் நிதானமாகப் படித்தார். பிறகு மூடி என்னிடம் நீட்டினார்.

"இல்ல தம்பி. நான் 'என்'ல விட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த வெள்ள எழுத்தப் பாத்தேன். பாத்துனேதான் கதவத் தெறந்தேன். ஒரு நிமிசம்தானேன்னு எறங்கிட்டேன்."

அன்று வராந்தாவில் அவர் சத்தியம் செய்ததை ஞாபகப்படுத்தினேன்.

"பயத்துல சொல்லியிருப்பேன். அப்பறம் ஒக்காந்து யோசிச்சா எல்லாம் தெரியுது. வண்டி வாசல்ல நெழலு விழுந்தது கூடத் தெரியுது. நீ அதக் கண்ணால பாக்கல. நான் பாத்தேன்."

வாதாடினேன். அவர் குரல் உயரவே இல்லை. நான் பேசப் பேச அவருடைய முகத்தில் இரக்கம்தான் கூடியது. வெளியே ஒரு ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆள் வருவார்கள் என்று எழுந்தார். எழும்போது என் தோளைத் தட்டி, "எனக்காக இவ்ளோ தூரம் யோசிச்சு வந்திருக்க பாரு" என்றார்.

அவர் போனபின் அண்ணி உள்ளே வந்தார். சாப்பாட்டுத் தட்டை எடுத்து மூடி வைத்தார். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று மட்டும் கேட்டார். அந்த மாலையிலிருந்தே தெரியும் என்றேன்.

"அவரு தெனமும் கதவ எத்தினி தாட்டி பாக்கறாரு தெரியுமா? சாத்தறது, தெறக்கறது, சாத்தறது. பசங்க சிரிக்குதுங்க. நான் சிரிக்கறதில்ல."

 பிறகு அவரே சொன்னார். ஒவ்வொரு தை மாதமும் அண்ணன் ஆம்பூர் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறாராம். பழம், பூ வாங்கிக்கொண்டு போவாராம். அவள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாராம். அவள் வாயால் சொன்னால் ஒருவேளை நம்புவார். அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். அண்ணியை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் அவர் உள்ளேயே இருந்துவிடுவார்.

அந்தப் பெண் தினமும் என் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். எட்டு ஆண்டுகளாக நான் அவர் கண்ணில் படாமல் என் அறைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு போனேன். தோல் அடுக்குக்குப் பக்கத்தில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கையிலிருந்த தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உரிய அடுக்கில் போட்டார்.

"தெரியும் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என்னத் தூக்கறப்போ பாத்தேன். அல்லாரும் என் பக்கம் ஓடியாறாங்க. நீங்க மட்டும் வண்டிக்குள்ள குனிஞ்சினு இருந்தீங்க. கையில கத்தி. இன்னாத்துக்குன்னு அப்ப தெரியல. ஆஸ்பத்திரில படுத்துனு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். என்னமோ இருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சுது."

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

"யாரு சார் என்னக் கேட்டாங்க? மெக்கானிக்கு வந்தாரு, வண்டியக் கேட்டாரு. மொதலாளி டிரைவரக் கேட்டாரு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நல்ல மனுஷன்னு பேரு உங்களுக்கு."

தை மாதம் டிரைவர் வரும்போது சொல்லமுடியுமா என்று கேட்டேன். சொல்கிறேன் என்றார். காலைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அடுத்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் வந்துவிட்டேன். இந்தமுறை முன்வாசல் வழியாக.

அதே வாரம் முதலாளிக்கும் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. மகன் படித்துக் காட்டினார். கிழவர் கடைசிவரை கேட்டார். பிறகு, அவனைக் கூப்பிடு, வேலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கடிதம் போட்டோம். ஸ்டியரிங் பிடிக்க மனதில்லை, மன்னிக்கவும் என்று அண்ணனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

1988 தை. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அவர் ஆம்பூர் வந்துபோனதாக அந்தப் பெண் எனக்குச் சொன்னார். நான் சொன்னதையும், தான் கண்ணால் பார்த்ததையும், இரண்டையும் சொன்னாராம். கத்தியைப் பற்றியும் சொன்னாராம். அண்ணன் முழுக்கக் கேட்டாராம்.

"அந்தத் தம்பி உங்ககிட்டயும் வந்துட்டானா, பாவம்னாரு. என்னால அவன் ரொம்ப பேஜாராயிட்டான், நீங்க அவன ஒண்ணும் சொல்லாதீங்கன்னாரு. நான் பாத்தேன்னு சொன்னதுக்கு, உங்களுக்கு அப்ப வலி ஜாஸ்தி, நெனவு எங்க இருந்திருக்கும்னுட்டாரு." பிறகு சேர்த்துச் சொன்னார்: "அடுத்த வருஷமும் வர்றேன்னுட்டுப் போனாரு சார்."

ஒரு பொய்யைச் சொன்னவனை நம்பாமல் இருக்கலாம். நான் பொய் எதுவும் சொல்லவே இல்லை. சும்மா இருந்தேன். நான் விட்ட அந்த இடத்தில் அவர் தானே ஒரு ஞாபகத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டார், நிழலும் வெள்ளை எழுத்துமாக. அதற்குள் எட்டு ஆண்டுகள் குடியிருந்துவிட்டார். என்னிடம் இருப்பதோ ஒரு நாட்குறிப்பு.

இப்போது பெங்களூர் ரயிலில் போனால் ஜோலார்பேட்டையில் இறங்கி, அடுத்த வண்டியில் போவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதையே மறுபடி சொல்கிறேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். டீ வாங்கித் தருகிறார். ஸ்டாண்டுக்கு வரும் ரயில்வே ஆட்கள் யார் என்று கேட்டால், என் தோளில் கையைப் போட்டு, குரலில் ஒரு பெருமையோடு சொல்கிறார்:

"என் தோஸ்த்து. நான் செஞ்ச தப்ப அவன் செஞ்சதுன்னு எங்க வேணா வந்து சொல்லுவான். இந்த மாதிரி ஆளு எங்கனா கெடைக்குமா?"

சொல்லிவிட்டு, என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, முதல் சைக்கிளின் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்.